ஆயுத பூஜைக்கு முன் மோட்டாரின் வயிற்றைக் கழுவினோம்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது ஒரு மோட்டார். விடுவேனா நான்? அதைக் கழற்றி, வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் வழித்தெடுத்தேன். அந்த வாரத்தை இப்போது நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது.

ஏற்காடு ஏரியில் அவர் மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குள் செல்போன் வராத காலம். படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சேலத்துக்காரர், ஜீப்பில் மேலே வந்து போவார், அவரை முதலாளி என்று கூப்பிடுவோம். எனக்கும் அங்கேதான் வேலை. லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் காயப் போடுவேன், மழை பெய்தால் துடுப்புப் படகுகளில் நிற்கும் தண்ணீரை இறைப்பேன். மீதி நேரமெல்லாம் அவர் படகு கரைக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. புதுசாகக் கல்யாணமானவள், வேறு எதைப் பார்ப்பேன்?

அந்த மோட்டார் படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற வகை. மேலே ஒரு மூடி, மூடிக்குள் இன்ஜின். அதிலிருந்து கீழே இறங்கும் நீளமான கால் தண்ணீருக்குள் நிற்கும், கால் நுனியில் விசிறி சுற்றும். காலில் ஒரு சல்லடை இருக்கிறது. அது வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டைத் தணித்து, கீழேயே வெளியே தள்ளிவிடும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக மூடிக்குக் கீழே, பின்பக்கமாக, சின்னதாக ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். மோட்டார் ஓடும்வரை அந்த ஓட்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் வெந்துபோகும். படகுத்துறையில் அந்தத் தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. சின்னப் பிள்ளைகள் சுவரோரம் நின்று செய்கிற காரியத்தின் பெயர், அதை இங்கே எழுத மாட்டேன். “போகுதாங்க?” என்று கரையிலிருந்து கேட்பேன். “நல்லாப் போகுது” என்று அவர் கத்துவார். டூரிஸ்ட்டுகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்ப்பார்கள்.

ஆடி மழையிலிருந்தே மோட்டாருக்கு உடம்பு சரியில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும், அப்புறம்தான் கிளம்பும். கிளம்பினால் கரும்புகை. பீய்ச்சுகிற தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்து நூலாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரி நடுவில் ஒரு குடும்பத்தோடு நின்றேவிட்டது. துடுப்புப் படகை அனுப்பிக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். படகில் இருந்த பெரியவர் மோட்டார் நின்றதிலிருந்து கரையில் இறங்குகிறவரை திட்டித் தீர்த்தார். என் வீட்டுக்காரர் காது சிவக்க நின்றதைப் பார்த்து எனக்கு அந்தப் பெரியவரை ஏரியில் தள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார். “இங்க பாரு தம்பி, பூஜை லீவு வரைக்கும் பாப்பேன். அப்பவும் இது மொரண்டு புடிச்சா மேட்டூர் டேம்ல ஒருத்தரு கேட்டுக்கிட்டிருக்காரு, குடுத்துப்போடுவேன். பெடல் படகும் துடுப்புப் படகும் நமக்குப் போதும்.”

மோட்டார் இல்லையென்றால் மோட்டார் ஓட்ட ஆள் எதற்கு? என் வீட்டுக்காரருடைய பங்காளி ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். பூஜை முடிந்த கையோடு வந்துவிடு, சேர்த்துவிடுகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆம்பளைகள் ஆறேழு பேர் ஒரே ரூமில் படுத்து எழுகிற இடம், பெண்டாட்டியைக் கூட்டிப்போக வழியில்லை. மாசத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். பாசம், பிரிவு என்று பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

“என்ன பண்றது புள்ள, நம்ம தலையெழுத்து” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தலையெழுத்த அப்பறம் படிச்சுக்கலாமுங்க. மொதல்ல மூடியக் கழட்டுங்க” என்றேன்.

எனக்கு இன்ஜின் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாழவந்திப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்தேன். முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயர், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற குட்டி இன்ஜின். ஆம்பளைகள் டீ குடிக்க உட்காரும்போது நான் சும்மா இருக்க மாட்டாமல் பிளக்கைக் கழற்றித் துடைப்பேன், கார்பரேட்டரைத் திறந்து ஊதுவேன். முதலில் மேஸ்திரி சத்தம் போட்டார். பிறகு எந்த ஸ்பிரேயர் நின்றாலும் “அந்தப் புள்ளயக் கூப்புடு” என்பார். படகு மோட்டாரும் அதே ஜாதிதான், உடம்பு மட்டும் பெரிசு. உள்ளே கரி பிடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருமும்.

கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா என்று முதலாளியிடம் கேட்டபோது அவர் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஏற்காடு முழுக்க எல்லாரும் எதையாவது கழுவிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற மெஷின், ரோட்டில் ஜீப், கடைவீதியில் தையல் மெஷின், மாவு மில், கிளை வெட்டுகிற கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் குளியல். எனக்கு ஒரு எரிச்சல் அப்போதிலிருந்தே உண்டு. எல்லாரும் வெளியேதான் கழுவுவார்கள். ஜீப்பைத் தேய் தேய் என்று தேய்த்து, பளபளவென்று துடைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். ரேடியேட்டருக்குள் சேறு அப்படியே இருக்கும். சாமி கும்பிடுகிற அன்றைக்கு இன்ஜின் வயிற்றில் அழுக்கோடு நிற்கலாமா? நாம் விரதமிருந்து குளித்துவிட்டுப் போவதில்லையா? இதை முதலாளியிடம் சொன்னேன். “செரி, உள்ளயே குளிப்பாட்டு. மறுபடியும் பூட்டத் தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். பாதிதான் தெரியும், மீதியை அவிழ்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

மோட்டாரைப் படகிலிருந்து தூக்கி, துடுப்பு வைக்கிற கொட்டகையில் சில்வர் ஓக் பலகையில் மாட்டினோம். வெளியே மூடுபனி, எதிர்க்கரை தெரியவில்லை, டூரிஸ்ட்டும் இல்லை. தரையில் காப்பிச் சாக்கை விரித்தேன். கழற்றுகிற ஒவ்வொன்றையும் இடப்பக்கத்திலிருந்து வரிசையாக வைக்க வேண்டும், பூட்டும்போது வலப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், நடுவில் யாரும் எதையும் தொடக்கூடாது. இதுதான் நான் போட்ட சட்டம். அவர் ஸ்குரூ டிரைவரை அந்த வரிசைக்குள் வைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதலில் பிளக். கரியும் ஆயிலும் சேர்ந்து நசநசவென்று வந்தது. பிறகு இன்ஜின் தலையைப் பிடித்திருந்த போல்ட்டுகள். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால்தான் அசைந்தன. தலையைத் தூக்கினோம். அடேயப்பா! பிஸ்டன் மண்டையில் கரி பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி. என் வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வியாதி கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே!

கத்தி போட்டுச் சுரண்டினால் கீறல் விழும். அதனால் மூங்கிலைச் சீவி, நுனியைத் தட்டையாக்கி, மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வழித்தேன். ஒரு பொருக்குப் பெயர்ந்து அடியில் வெள்ளையாக உலோகம் மின்னியது. அதைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. “நானொரு கை பாக்கறேன், குடு புள்ள.” கொடுத்தேன். அப்புறம் திருப்பி வாங்க முடியவில்லை. இரண்டாவது மூங்கில் சீவி நானும் உட்கார்ந்தேன். யார் பக்கம் அதிகம் பளிச்சென்று இருக்கிறது என்று சண்டை. மூக்கு, கன்னம், காது எல்லாம் கரி. டிக்கெட் கொடுக்கிற அண்ணன் எட்டிப் பார்த்து, “அடுப்புக்குள்ள குடித்தனம் பண்றீங்களா?” என்று கேட்டார்.

தண்ணீர் ஓடுகிற பாதையில் செம்மண் களி. மழைக்கு மலையிலிருந்து இறங்குகிற செம்மண் எல்லாம் ஏரிக்குத்தான் வருகிறது, ஏரியிலிருந்து மோட்டாருக்குள் போய் அங்கே வெந்து ஓடாகிவிட்டிருந்தது. சைக்கிள் கம்பியால் குத்தி, தண்ணீர் பீய்ச்சி, மறுபடி குத்தி, மறுபடி பீய்ச்சி, கடைசியில் சிவப்புப் போய்த் தெளிவாக வந்தது. நான் கைதட்டினேன்.

காலைக் கழற்றியபோதுதான் விஷயமே பிடிபட்டது. உள்ளே தண்ணீரை உறிஞ்சுகிற ரப்பர் சக்கரம் இருக்கிறது, சுற்றிலும் இதழ் இதழாக. அதில் சில இதழ்களைக் காணோம். சல்லடையில் பாசி அடைத்திருந்தது, தண்ணீர் வராமல் வறட்டு ஓட்டம் ஓடி ரப்பர் பிய்ந்திருந்தது.

“புதுசு வாங்கி மாட்டிப்போட்டாச் செரியாயிரும்” என்றார் அவர்.

“பிஞ்சதெல்லாம் எங்கீங்க போச்சு?” என்று கேட்டேன்.

பிய்ந்த ரப்பர் எங்கே போகும்? தண்ணீரோடு மேலே ஏறி வழியில் எங்காவது சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டு என்ன பிரயோஜனம்? குழாய்க்குள் வளைத்த கம்பியை விட்டுத் துழாவினோம். ஒரு துண்டு வந்தது. இன்னொன்று வந்தது. சாக்கின் மேல் அவற்றைச் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தோம். ஒரு இதழ் மட்டும் குறைந்தது. அதைத் தேடித் தேடி அவர் சலித்துப்போய் எழுந்துவிட்டார். நான் கம்பியின் நுனியைக் கொக்கியாக மடக்கி மறுபடி விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. மெல்ல இழுத்தேன், விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக வெளியே வந்து விழுந்தது. நான் போட்ட கூச்சலில் ஏரிக்கரை வாத்துகள் கலைந்து ஓடின.

புது ரப்பர் சக்கரத்துக்கும் தலைக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டுக்கும் அவர் சேலத்துக்கு இறங்கிப் போனார். கடை கடையாக அலைந்து, கேஸ்கெட்டை ஒரு பையில் போட்டு, சக்கரத்தைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். எனக்குப் பூ வாங்கி வந்தபோதுகூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததில்லை. காலுக்குள் இருந்த கியர் ஆயிலும் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் இருந்தது, அதை வடித்துவிட்டுப் புது வாஷர் போட்டுப் புது ஆயில் ஊற்றினோம். கார்பரேட்டரின் சின்னத் துளைகளை வாய் வைத்து ஊதி, இரண்டு பேரும் பெட்ரோல் வாசனையோடுதான் சோறு தின்றோம். பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினோம். சாக்கு காலியானது. ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறையவுமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் படகில் மாட்டி ஏரியில் இறக்கினோம். அவர் கயிற்றை இழுத்தார். முதலில் கொஞ்சம் புகை, அப்புறம் ஒரு சீறல், அப்புறம் சத்தம் சீராகிவிட்டது. நான் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது பாருங்கள், பென்சில் கனத்துக்கு, இரண்டு கையையும் விரித்த தூரத்துக்கு!

“போகுதுங்க! நல்லாப் போகுதுங்க!”

படித்துறையில் அத்தனை பேர் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டேன். டிக்கெட் அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் வெட்கத்தில் நெளிந்தார். அந்தத் தண்ணீரில் கையை நீட்டி நனைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு, சாமி முன்னால் வைத்துவிட்டால் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். பெடல் படகு அதுபாட்டுக்கு ஓடியது, மோட்டார் மட்டும் கரையோரம் கட்டிய படகில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பூஜைக்கு அலங்காரம் தன் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். நான் சுண்டல் தாளிப்பதிலும் பொரிகடலை பொட்டலம் கட்டுவதிலும் இருந்தேன். வந்து பார்த்தபோது மூடி மேல் விபூதிப் பட்டை, சுற்றிலும் சந்தனம் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. மோட்டாருக்குக் கல்யாணக் களை வந்திருந்தது. முதலாளி தேங்காய் உடைத்தார். நாளைக்கு முதல் சவாரி தன் வீட்டு ஆட்கள்தான் என்றார்.

விஜயதசமி காலை. பனி விலகி வெயில் அடித்தது, பஸ் பஸ்ஸாக வந்து ஜனம் இறங்கியது. முதலாளியின் அக்கா, தங்கை, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளியும் ஏறினார். கற்பூரம் காட்டி, மாலையை எடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்தேன்.

தண்ணீர் வரவில்லை.

வரும் வரும் என்று பார்த்தேன். சொட்டுகூட இல்லை. “நிறுத்துங்க! போகலீங்க! நிறுத்துங்க!” என்று கத்தினேன். அவர் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் ‘ஓ’ என்று கூச்சலிட்டன. எல்லாரும் இறங்க வேண்டியதாகிவிட்டது.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா தங்கை முன்னால் அவமானம். “அக்கக்காக் கழட்டறப்பவே நெனச்சேன். முந்தியாவது நூலாட்டம் வந்துச்சு, இப்ப அதுவுமில்ல. நொம்ப நல்லாப் பண்ணிப்போட்டீங்க ரெண்டு பேரும். மத்தியானம் ஜீப்பு கீழ போகுது, அதுல இதையும் ஏத்தி உட்டுருங்க” என்று சொல்லிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

என் வீட்டுக்காரர் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “போனாப் போகுது புள்ள. சாயங்காலம் பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன். உன்னைய உங்க ஊட்ல உட்டுட்டு...”

“வாய மூடுங்க” என்றேன். அவரை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. கோபம் அவர் மேல் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை அவர் பார்த்துவிடக்கூடாது.

மத்தியானத்துக்குள் மறுபடி மோட்டாரின் காலைக் கழற்றிப் பார்க்கலாமா என்று புத்தி ஓடியது. ரப்பர் சக்கரம் தண்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு வைக்க வேண்டும், வைத்தோமா? வைத்தோம், என் கையால்தான் வைத்தேன். முந்தாநாள் சாயங்காலம் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சியதே! அதற்குப் பிறகு மோட்டார் ஓடவேயில்லை, உள்ளே எதுவும் உடைய வழியில்லை. அப்படியென்றால் இப்போதும் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஏறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன். மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன்.

“தண்ணி இல்லாம ஓட்டுனா பிஸ்டன் புடிச்சுக்கும் புள்ள! அப்பறம் மேட்டூர்க்காரங்கூட வாங்க மாட்டான்.”

“புடிச்சா நானே உங்களப் பஸ் ஏத்தி உடறனுங்க. இழுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இழுத்தார். மோட்டார் கிளம்பியது. நான் இன்ஜின் தலைமேல் உள்ளங்கையை வைத்தேன், காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தொட்டுப் பார்ப்பதுபோல. முதலில் சில்லென்று இருந்தது. மெல்லச் சூடு ஏறியது. அவர் கை நிறுத்துகிற பட்டன் மேலேயே இருந்தது. “போதும், போதும்” என்றார். நான் தலையாட்டி இன்னும் ஓடட்டும் என்றேன். சூடு ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது பிடித்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. ஏறியது, ஏறியது, காப்பித் தம்ளர் சூட்டுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் ஏறவில்லை. கையை எடுக்கவே தேவைப்படவில்லை.

“உள்ள தண்ணி ஓடுதுங்க! நல்லா ஓடுது! அந்தச் சின்ன ஓட்டதான் அடைச்சிருக்கு!”

அவர் நிறுத்தினார். நான் படகின் பின்பலகைமேல் குப்புறப் படுத்து அந்த ஓட்டையைத் தேடினேன். ஓட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் எலுமிச்சம்பழத்தில் பாதி அகலத்துக்குச் சந்தனம், மஞ்சளும் கலந்து காய்ந்து சிமெண்டாகியிருந்தது, நடுவில் குங்குமம். இப்படிப் பொட்டு அந்த மோட்டாரில் வேறு எங்கும் இல்லை. மற்றதெல்லாம் விரல் நுனியில் தொட்டு வைத்தது. இது அழுத்தி உள்ளே தள்ளி அப்பியது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“இங்க யாருங்க இவ்ளோ பெருசா வெச்சது?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “அதுலதானே புள்ள தண்ணி வந்துச்சு. அதுதானே என்னையத் திருப்பூர் போகாமக் காப்பாத்துச்சு. கும்புட வேண்டியதே அதத்தான்னு... அதான் அங்க மட்டும் பெருசா வெச்சேன்.”

எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, தூக்கிக் கொஞ்சலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கை உருவி, வளைவை நிமிர்த்தி, சந்தனத்தின் நடுவில் குத்தினேன். பொடிந்து விழுந்தது. இன்னும் ஆழமாகக் குத்தித் திருகினேன். “இழுங்க!” என்றேன், முகத்தை எடுக்காமல்.

முதலில் மஞ்சளாக ஒரு குபுக். அப்புறம் சந்தன வாசனையோடு வெதுவெதுப்பான தண்ணீர் என் மூக்கிலும் கண்ணிலும் அடித்தது. நனைந்துகொண்டே சிரித்தேன். அவர் அங்கே நின்று “போகுது! போகுது!” என்று டீக்கடை வரைக்கும் கேட்கக் கத்தினார். முதலாளி கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினோம். புகை இல்லை, இருமல் இல்லை, திருப்பத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு பறந்தது. முதலாளி பின்பக்கம் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். என்ன அடைத்திருந்தது என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் “பாசிங்க” என்றோம். கரை சேர்ந்ததும் முதலாளி ஜீப் டிரைவரைப் பார்த்து, “மோட்டாரு வர்ல, நீ காலியாவே போ” என்றார். என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “என்ன தம்பி நின்னுக்கிட்டிருக்கே, ஜனம் காத்துக்கிட்டிருக்குதில்ல?” என்றார்.

அன்றைக்குச் சவாரிக்கு மேல் சவாரி. ஓட்டையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது. பொழுது சாயும் நேரத்தில் கடைசி சவாரிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார், அவருக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். நாங்கள் நடு ஏரியில் இருக்கும்போது கரையோர ரோட்டில் சேலம் போகிற பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வளைந்தது. அவர் ஒரு கையால் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி, மறு கையைத் தூக்கி அந்த பஸ்ஸுக்கு டாட்டா காட்டினார். பஸ் மரங்களுக்குப் பின்னால் மறைகிறவரை காட்டினார்.

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி திரும்பி, “சொந்தக்காரங்க ஊருக்குப் போறாங்களா?” என்று கேட்டாள்.

“நான்தானுங்க போறதா இருந்துச்சு” என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும், அடக்கிக்கொள்ளாமல் வாய்விட்டே அழுதேன்.